பீப்பாய்க்குள் போன கடிதங்கள்: ஸ்கொட்லாந்து அரசி மேரியும் அவரது சங்கேதங்களும்

1586ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ஸ்டஃபர்ட்ஷயரில் உள்ள சார்ட்லி மாளிகைக்குப் பீர்ப் பீப்பாய்கள் ஏற்றிய வண்டி ஒன்று ஒழுங்காக வந்துபோகத் தொடங்கியது. பேர்ட்டன் என்ற ஊரில் பீர் வடிப்பவர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். பீப்பாயின் அடைப்புத் துளைக்குள் நீர் புகாத சிறிய உறையொன்று செருகப்பட்டிருக்கும். அதற்குள் கடிதங்கள் இருக்கும். வெறும் பீப்பாய் திரும்பும்போது பதில்களும் அதே வழியில் வெளியே போகும். மாளிகைக்குள் காவலில் இருந்த பெண்ணுக்கு நீண்ட காலத்தின் பின்னர் வெளியுலகத்தோடு கிடைத்த தொடர்பு அது. காவலர்களை ஏமாற்றிவிட்டோம் என்று அவர் நம்பினார்.

பீர் வடிப்பவருக்கு அந்தப் பெண்ணும் பணம் கொடுத்தார். அவரைக் காவல்காத்த அரசாங்கமும் கொடுத்தது. போதாக்குறைக்குத் தன் பீரின் விலையையும் அவர் கூட்டிக் கேட்டார். அந்தக் கள்ள வழியைத் திறந்துவிட்டவரே இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் உளவுத்துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் சேர் பிரான்சிஸ் வோல்சிங்ஹாம்தான்.

காவலில் இருந்தவர் ஸ்கொட்லாந்தின் அரசியாக இருந்த மேரி ஸ்டூவர்ட். அவருடைய கதையைக் காதல், கொலை, முடி என்ற மூன்றுக்குள் சொல்லி முடிப்பதே வழக்கம். நாடகங்களும் திரைப்படங்களும் அதைத்தான் செய்தன. இங்கே அவருடைய கடிதங்களின் வழியாக அதைச் சொல்லப் பார்க்கிறோம். பிரிக்கப்பட்ட பின்னரே கைக்குக் கிடைத்த கடிதங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும், கையில் இருக்கும் தொலைபேசி உண்மையில் யாரோடு பேசுகிறது என்ற சந்தேகம் இன்னும் தீராதவர்களுக்கும் அது அவ்வளவு தூரத்துக் கதையாக இராது.

மேரி 1542 டிசெம்பர் 8ஆம் திகதி லின்லித்கோ மாளிகையில் பிறந்தார். ஆறாம் நாள் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறக்க, தொட்டிலிலேயே அரசியானார். ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1558இல் பிரெஞ்சு இளவரசரை மணந்து, அடுத்த ஆண்டு பிரான்சின் அரசியுமானார். 1560 டிசெம்பரில் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 17. அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்துக்குத் திரும்பினார். நாடு அதற்குள் புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறியிருந்தது. அரசியோ கத்தோலிக்கர். பிரெஞ்சு மொழியிலேயே சிந்தித்து, பிரெஞ்சு மொழியிலேயே கடிதம் எழுதியவர்.

அடுத்த ஏழு ஆண்டுகளில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1565இல் டார்ன்லி பிரபுவை மணந்தார். 1566 மார்ச்சில் மேரியின் பிரெஞ்சுக் கடிதங்களைக் கவனித்துவந்த செயலாளர் ரிசியோவை, டார்ன்லியும் சேர்ந்த ஒரு கூட்டம் அவருடைய அறையிலிருந்தே இழுத்துச் சென்று குத்திக் கொன்றது. மேரி அப்போது கர்ப்பிணி. மகன் ஜேம்ஸ் அந்த ஆண்டு ஜூனில் பிறந்தான். 1567 பெப்ரவரியில் டார்ன்லி கொல்லப்பட்டார். கொலைக்குக் காரணம் என்று பலரும் கருதிய பொத்வெல் பிரபுவை மேரி மே மாதமே மணந்தார். பிரபுக்கள் எழுந்தார்கள். லொக்லெவன் ஏரித் தீவில் சிறைவைத்து, மகனுக்காக முடியைத் துறக்கும்படி கையொப்பம் வாங்கினார்கள். மகனை அவர் கடைசியாகப் பார்த்தது 1567 ஏப்ரலில், ஸ்டேர்லிங் கோட்டையில். பிள்ளைக்கு அப்போது பத்து மாதம். பிறகு ஒருபோதும் பார்க்கவில்லை.

1568 மே மாதம் தீவிலிருந்து தப்பி, லாங்சைட் போரில் தோற்று, ஒரு மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக் கரையில் இறங்கினார். உறவுக்காரியான எலிசபெத் உதவுவார் என்பது அவர் கணக்கு. எலிசபெத்துக்கோ வேறு கணக்கு. பேரனின் மகள் என்ற முறையில் இங்கிலாந்தின் முடிக்கு உரிமை கோரக்கூடியவரை, அதுவும் ஒரு கத்தோலிக்கரை, வெளியே விடவும் முடியாது, கொல்லவும் முடியாது. விருந்தாளி என்ற பெயரில் தொடங்கியது 19 ஆண்டுகள் நெருங்கும் வரை நீண்ட காவலாயிற்று.

அந்தக் காவல் ஒரு கடிதப் பிரச்சினையோடுதான் ஆரம்பித்தது. பொத்வெலின் வெள்ளிப் பேழையொன்றில் கிடைத்ததாகச் சொல்லி எட்டுக் கடிதங்களை ஸ்கொட்லாந்துப் பிரபுக்கள் 1568இன் இறுதியில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய விசாரணையாளர்கள் முன் வைத்தார்கள். டார்ன்லியின் கொலையில் மேரிக்குப் பங்குண்டு என்பதற்கு அவையே சான்று என்றார்கள். கடிதங்களில் கையொப்பம் இல்லை. யாருக்கு எழுதியது என்ற பெயரும் இல்லை. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து அவருடையதே என்றார்கள். தன் கையெழுத்தைப் போல எழுதக்கூடியவர்கள் ஸ்கொட்லாந்தில் பலர் இருக்கிறார்கள் என்பது மேரி தரப்பின் வாதம். மூலங்களைப் பார்க்கவோ, நேரில் வந்து பதில் சொல்லவோ அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. விசாரணை எதையும் நிரூபிக்காமல் முடிந்தது. காவல் மட்டும் முடியவில்லை. மூலக் கடிதங்கள் 1584க்குப் பின்னர் காணாமல்போயின. அவை உண்மையா, போலியா, உண்மைக் கடிதங்களுக்குள் போலி வரிகள் செருகப்பட்டனவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைத் தீர்க்க அந்தக் காலத்தில் இருந்தவை மூன்று: கையெழுத்து, மெழுகு முத்திரை, கடிதம் கொண்டுவருபவரின் முகம். மூன்றுமே போலியாக்கக் கூடியவை.

ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் 15 ஆண்டுகள் கழிந்தன. டட்பரியின் ஈரச் சுவர்கள், ஷெஃபீல்டின் அறைகள், மூட்டுவலி, தையல் வேலை, இடைவிடாத கடிதங்கள். வெளிப்படையாக எழுதியவை படிக்கப்படும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதிகாரிகளுக்கான கடிதங்கள் ஒரு வழியாகவும், மனதில் உள்ளவை சங்கேதத்தில் வேறு வழியாகவும் போயின. குளோட் நௌ, கில்பர்ட் கேர்ல் என்ற இரண்டு செயலாளர்கள் அவருக்காக எழுதினார்கள். அவர் சொல்வதை எழுதி, ஒழுங்குபடுத்தி, மொழிபெயர்த்து, பின்னர் குறிகளாக மாற்றுவார்கள். ஒவ்வொரு தொடர்பாளருக்கும் ஒவ்வொரு அட்டவணை. இறுதியில் அவருடைய அறைகளைச் சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட சங்கேத அட்டவணைகள் கைப்பற்றப்பட்டன.

அந்தச் சங்கேதங்கள் எவ்வளவு வலுவானவை என்பதற்கு அண்மையில் ஒரு பதில் கிடைத்தது. பாரிசிலுள்ள பிரெஞ்சு தேசிய நூலகத்தில், இத்தாலி விவகாரங்கள் என்ற தலைப்பின் கீழ், யார் எழுதியதென்றே தெரியாத சங்கேதத் தாள்கள் கிடந்தன. ஜோர்ஜ் லாஸ்ரி என்ற கணினி அறிஞரும், நோர்பட் பியர்மன் என்ற இசைப் பேராசிரியரும், சடோஷி டோமோகியோ என்ற இயற்பியலாளரும் கணினியின் உதவியோடு அவற்றை உடைத்து 2023 பெப்ரவரியில் வெளியிட்டார்கள். இத்தாலி மொழி என்று தொடங்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிரெஞ்சு மொழி என்று வைத்தபோது சொற்கள் தெரிய ஆரம்பித்தன. எழுதியவர் பெண் என்பதை இலக்கணம் காட்டிக்கொடுத்தது. பிறகு விடுதலையைப் பற்றியும் மகனைப் பற்றியும் சொற்கள் வந்தன. வோல்சிங்ஹாமின் பெயரும் வந்தபோது ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

மொத்தம் 57 கடிதங்கள், ஏறத்தாழ 50,000 சொற்கள், 1578 முதல் 1584 வரை எழுதப்பட்டவை. பெரும்பாலானவை லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு. உடல்நலக் குறைவு, காவலின் நெருக்கடி, விடுதலைக்கான பேரம், யாரை நம்புவது என்ற ஓயாத கணக்கு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1582 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்துப் பிரபுக்கள் சிலர் பதினாறு வயது ஜேம்சைக் கடத்திச் சிறைப்பிடித்தபோது அந்தத் தாய் பட்ட தவிப்பும் இருக்கிறது. பத்து மாதக் குழந்தையாகப் பார்த்த பிள்ளைக்காகத் தவித்து, அதையும் குறிகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அந்தச் சங்கேதம் நல்ல சங்கேதம். ஒரே எழுத்துக்குப் பல குறிகள் வரும். பெயர்களுக்கும் மாதங்களுக்கும் தனிக் குறிகள். அதை உடைக்க 440 ஆண்டுகளும் கணினியும் வேண்டியிருந்தன. ஆனாலும் அதே கடிதங்களில் சிலவற்றின் உள்ளடக்கம் வோல்சிங்ஹாமின் மேசைக்கு அன்றே போயிருந்தது. 1583இன் நடுப்பகுதியிலிருந்து தூதரகத்துக்குள்ளேயே ஒருவர், விரித்து எழுதப்பட்ட பிரதிகளை அவருக்குக் கொடுத்துவந்தார். புதிதாக உடைத்தவர்கள் தங்கள் விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்ததும் இங்கிலாந்து ஆவணங்களில் மிஞ்சியிருந்த அந்தக் களவுப் பிரதிகளோடுதான். பூட்டு உடையவில்லை. பூட்டைத் திறந்து படித்த பிறகு மேசையில் கிடந்த தாள்தான் போனது. இன்றைய செயலிகளில் எவ்வளவு நல்ல மறைகுறியாக்கம் இருந்தாலும், தொலைபேசியே அடுத்தவன் கையில் இருந்தால் நிலைமை இதுதான்.

1585இல் சேர் அமியாஸ் போலெட் புதிய காவலராக வந்தார். கண்டிப்பான புரட்டஸ்தாந்தர். இரகசியக் கடித வழிகள் எல்லாம் அடைபட்டன. வெளியிலிருந்து மேரிக்கு வந்த கடிதங்கள் லண்டன் பிரெஞ்சுத் தூதரகத்தில் குவிந்து கிடந்தன. ஏறத்தாழ ஓராண்டு மௌனம். வோல்சிங்ஹாம் அந்த மௌனத்தை விரும்பவில்லை. எழுத முடியாத கைதியை எந்தக் குற்றத்திலும் பிடிக்க முடியாது.

அந்த டிசெம்பரில் கில்பர்ட் கிஃபர்ட் என்ற இளைஞர் பிரான்சிலிருந்து வந்து ரை துறைமுகத்தில் பிடிபட்டார். நல்ல கத்தோலிக்கக் குடும்பம், குருத்துவக் கல்வி. அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. பாரிசில் மேரியின் முகவராக இருந்த தோமஸ் மோர்கன், இவரை நம்பலாம் என்று மேரிக்கு எழுதிய பரிந்துரை. வோல்சிங்ஹாமின் அறையிலிருந்து வெளியே வந்த கிஃபர்ட், வோல்சிங்ஹாமின் ஆளாக வந்தார். தூதரகத்தில் கிடந்த கடிதங்களைப் பெற்று, பீப்பாய் வழியாக மேரிக்குச் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். 1586 ஜனவரி நடுப்பகுதியில் முதல் கடிதம் உள்ளே போனது. மேரி ஏன் நம்பினார்? மோர்கன் சொன்னதால். மோர்கனின் கடிதம் உண்மையானதே. மோர்கனின் கணிப்புத்தான் பிழை.

இணையத்தில் நாம் ஒரு வங்கித் தளத்தைத் திறக்கும்போது உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே ஏற்பாடுதான். அந்தத் தளத்தை நமக்குத் தெரியாது. ஆனால் இது அந்த வங்கியின் தளமே என்று மூன்றாவது நிறுவனம் ஒன்று டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்திருக்கிறது, உலாவி அந்த மூன்றாவது நிறுவனத்தை நம்புகிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற கட்டளைவரிக் கருவியில் ஒரு வரி தட்டினால் சான்றிதழ் முழுவதையும் வாசிக்கலாம்: யாருக்கு, யார் கொடுத்தது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை. அந்த மூன்றாவது ஆள் ஏமாந்தால்? 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் ஒரு சான்றிதழை வெட்டிக்கொண்டார்கள். அதைக் காட்டி ஈரானில் சுமார் 3 இலட்சம் இணைய முகவரிகளிலிருந்த ஜிமெயில் பயனாளர்களின் தொடர்பு இடைமறிக்கப்பட்டது. அவர்கள் திரையிலும் பூட்டுச் சின்னம் சரியாகத்தான் தெரிந்தது. நிறுவனம் சில வாரங்களில் வங்குரோத்தானது. சான்றிதழ் அசல் முத்திரையோடு வந்தது, மோர்கனின் கடிதம் போல.

சார்ட்லிக்குத் திரும்புவோம். உறை மேரியிடம் போவதற்கு முன்னும், அவரிடமிருந்து வந்த பின்னும் இரண்டு பேரின் கைகளைத் தாண்டியது. ஆதர் கிரெகரி முத்திரையைத் தடயமில்லாமல் திறந்து திரும்ப ஒட்டுவார். தோமஸ் பெலிப்ஸ் சங்கேதத்தை உடைப்பார். பெலிப்ஸ் சிறிய உருவம், அம்மைத் தழும்பு முகம், மஞ்சள் முடி. மேரியே அப்படி வர்ணித்து, இந்த ஆள் யார் என்று மோர்கனிடம் விசாரித்து எழுதியிருக்கிறார். ஒருநாள் வண்டியில் போகும்போது மேரி தன்னைப் பார்த்துப் புன்னகைத்ததாக பெலிப்சும் வோல்சிங்ஹாமுக்கு எழுதினார்.

அந்தோணி பேபிங்டன் 24 வயதுப் பணக்கார இளைஞர். சிறுவயதில் ஷ்ரூஸ்பரியின் வீட்டில் பணியாளாக இருந்தபோது மேரியைக் கண்டவர். 1586 ஜூலை தொடக்கத்தில் அவர் ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். வெளிநாட்டுப் படையெடுப்பு, மேரியின் மீட்பு, ஆறு கனவான்கள் எலிசபெத்தைக் கொல்வது என்ற திட்டம் அதில் இருந்தது. ஜூலை 17இல் மேரி பதில் அனுப்பினார். எல்லாம் சங்கேதத்தில். எழுத்துகளுக்கு 23 குறிகள், சொற்களுக்கும் தொடர்களுக்கும் 35 குறிகள், பொருளே இல்லாத நான்கு ஏமாற்றுக் குறிகள், அடுத்து வருவது இரட்டை எழுத்து என்று சொல்ல ஒரு குறி. முன்னர் தூதருக்கு எழுதிய கடிதங்களின் சங்கேதத்தோடு ஒப்பிட்டால் இது சிறுபிள்ளைப் பூட்டு. எந்த மொழியிலும் சில எழுத்துகள் மற்றவற்றைவிட அடிக்கடி வரும். அடிக்கடி வரும் குறியைப் பிடித்தால் எழுத்தைப் பிடித்துவிடலாம் என்று பாக்தாதில் அல்-கிந்தி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். பெலிப்சுக்கு அது கைவந்த கலை.

பூட்டே இல்லாவிட்டால் மேரி இதை எழுதியிருப்பாரா? எழுதியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. வலுவற்ற சங்கேதம் அவரை வாய் திறக்க வைத்தது.

அவரைப் புனிதராக்கவும் தேவையில்லை. அந்தப் பதிலில் அவர் படையெடுப்பையும் தன் மீட்பையும் நுணுக்கமாகத் திட்டமிட்டார், ஆறு பேரும் தங்கள் வேலையில் இறங்குவதை ஏற்றுக்கொண்டே எழுதினார் என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எலிசபெத்தின் அச்சமும் கற்பனையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் நெதர்லாந்தில் ஒரேஞ்ச் இளவரசர் வில்லியம் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 18 ஆண்டுகள் குற்றத்தீர்ப்பில்லாமல் அடைத்துவைக்கப்பட்ட ஒருவர் தப்புவதற்குக் கிடைத்த எந்தக் கயிற்றையும் பிடிப்பார் என்பதும் அதே அளவு உண்மை.

பெலிப்ஸ் அந்தப் பதிலை உடைத்துப் பிரதியெடுத்து, தாளின் வெளிப்புறத்தில் ஒரு தூக்குமரத்தை வரைந்து வோல்சிங்ஹாமுக்கு அனுப்பினார். அத்தோடு நின்றிருந்தால் இது களவாகப் படித்த கதையாக மட்டும் இருந்திருக்கும். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஆறு கனவான்களின் பெயர்களும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. ஆகவே கடிதத்தின் முடிவில், அந்த ஆறு பேர் யார் என்று அறிய விரும்புவதாக மேரி கேட்பது போல ஒரு பின்குறிப்பை, மேரியின் சங்கேதத்திலேயே, பெலிப்ஸ் எழுதிச் சேர்த்தார். அந்தப் போலிப் பின்குறிப்பின் படி ஒன்று இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

சங்கேதத்தை உடைப்பவனுக்கு, அதே சங்கேதத்தில் எழுதவும் முடியும். மேரிக்கும் பேபிங்டனுக்கும் இடையில் இருந்தது ஒரே அட்டவணை. அதைத் தெரிந்த எவரும் மேரியாகலாம். குறிகளில் வந்ததாலேயே பேபிங்டனுக்கு அது மேரியின் சொல்லாகத் தெரிந்தது. இரகசியத்தை அவர் கையொப்பமாக எடுத்துக்கொண்டார்.

இந்த இரண்டையும் வேறாக்க இன்னும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் சென்றன. 1976, 1977ஆம் ஆண்டுகளில் பொதுத் திறவுகோல் முறை வெளியானது. ஒருவருக்கு இரண்டு திறவுகோல்கள்: ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், மற்றது அவரிடம் மட்டும். இன்று ஜிபிஜி என்ற இலவசக் கருவியைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கிப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். என்கிரிப்ட் என்பது ஒரு கட்டளை, சைன் என்பது வேறொரு கட்டளை. முதலாவது கடிதத்தை மூடுகிறது. இரண்டாவது அதை எழுதியவர் யார் என்பதையும், பிறகு ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதையும் உறுதிசெய்கிறது. முதலாவதை மட்டும் செய்து நிறைவடைவோர் பலர். ஆனால் உங்கள் பொதுத் திறவுகோல் ஊருக்கே தெரிந்தது. அதைக்கொண்டு உங்களுக்கு ஒரு கடிதத்தை மூடி அனுப்ப யாராலும் முடியும், பெலிப்சாலும் முடியும். கையொப்பம் இருந்திருந்தால், பின்குறிப்பைச் சேர்த்த கணமே சரிபார்ப்பு தோற்றிருக்கும்.

கையொப்பமும் தனியே போதாது. புதிய ஒருவரின் கையொப்பத்தைச் சரிபார்த்தால், கையொப்பம் பொருந்துகிறது என்று ஜிபிஜி சொல்லும். கீழேயே, இந்தத் திறவுகோல் அந்தப் பெயருக்குரியவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் எச்சரிக்கும். பலரும் கடந்துபோகும் வரி அது. திறவுகோலுக்குக் கைரேகை எனப்படும் 40 எழுத்து-எண் வரிசை ஒன்று உண்டு. ஆளை நேரில் கண்டோ, குரலை அடையாளம் தெரிந்த தொலைபேசி அழைப்பிலோ அதை ஒவ்வொன்றாக வாசித்து ஒப்பிட வேண்டும். வட்ஸ்அப், சிக்னல் போன்ற செயலிகளிலும் பாதுகாப்பு இலக்கம் என்று இதே விடயம் இருக்கிறது. சலிப்பான வேலைதான். மேரி, கிஃபர்ட் விடயத்தில் இதைச் செய்ய வழியே இல்லாமல் இருந்தார். நான்கு சுவருக்குள் இருப்பவருக்கு இரண்டாவது வழி கிடையாது. எல்லாச் செய்தியும் ஒரே பீப்பாயில் வந்தன.

பேபிங்டன் பெயர்களைக் கொடுக்கவில்லை. கடிதம் ஜூலை 29இல் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பின்குறிப்பே சந்தேகத்தைக் கிளப்பியிருக்குமோ என்று வோல்சிங்ஹாம் கவலைப்பட்டார். பேபிங்டன் கடிதத்தை எரித்துவிட்டுத் தலைமறைவானார், ஓகஸ்ட் நடுப்பகுதியில் பிடிபட்டார். செப்டெம்பர் 20, 21ஆம் திகதிகளில் அவரும் கூட்டாளிகளும் 14 பேர் லண்டனில் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். கிஃபர்ட் அதற்கு முன்னரே பிரான்சுக்கு நழுவிவிட்டார். நான்கு ஆண்டுகளின் பின் பாரிஸ் சிறையில் இறந்தார்.

மேரி ஓகஸ்ட் 11இல் மான் வேட்டைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டு, வழியில் கைதுசெய்யப்பட்டார். அவர் இல்லாத வேளையில் சார்ட்லியில் அறைகள் சோதனையிடப்பட்டன. சங்கேத அட்டவணைகள் பெட்டிபெட்டியாக லண்டன் போயின. நௌவும் கேர்லும் தனித்தனியே அடைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். உடைத்து எழுதப்பட்ட பிரதியை அவர்களிடம் காட்டி, கடிதம் இதுதான் என்று ஒப்புக்கொள்ளும் எழுத்தைப் பெற்றார்கள்.

ஒக்டோபர் 14, 15ஆம் திகதிகளில் ஃபொதரிங்கே கோட்டையில் விசாரணை நடந்தது. மேரிக்குச் சட்டத்தரணி இல்லை. அவருடைய ஆவணங்களும் அவரிடம் இல்லை. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது பிரதி மட்டும். மூலக் கடிதத்தை, தன் கையெழுத்தோடு, காட்டுங்கள் என்று அவர் கேட்டார். தன் செயலாளர்களை நேருக்கு நேர் நிறுத்துங்கள் என்றும் கேட்டார். சங்கேதங்களைப் போலியாக ஆக்குவது எளிது என்று சொல்லி, வோல்சிங்ஹாமையே நேரடியாகக் குறிப்பிட்டார். வோல்சிங்ஹாம் எழுந்து, நேர்மையான மனிதனுக்குத் தகாத எதையும் தான் செய்யவில்லை என்று கடவுளைச் சாட்சிக்கு அழைத்தார். பின்குறிப்பு அந்த விசாரணையில் வெளியே வரவே இல்லை. அது இல்லாத பிரதியே வாசிக்கப்பட்டது. காவலில் பெறப்பட்ட வாக்குமூலங்கள் போதுமென்று முடிவாயிற்று, செயலாளர்களை அவர் முன் கொண்டுவரவில்லை. 1568இல் கேட்ட அதே கேள்வியை, அதே பதிலின்மையோடு, 18 ஆண்டுகளின் பின் அவர் திரும்பக் கேட்டிருந்தார்.

கையொப்பத்தின் கதை இதோடு முடியவில்லை. 1587 பெப்ரவரி 1இல் எலிசபெத் மரண ஆணையில் ஒப்பமிட்டார். செயலாளர் வில்லியம் டேவிசன் அதை எடுத்துச் செல்ல, ஆலோசனைச் சபை விரைந்து அனுப்பியது. காரியம் முடிந்த பிறகு, அனுப்பச் சொல்லி ஒப்பமிடவில்லை என்றார் எலிசபெத். டேவிசன் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார், பத்தாயிரம் மார்க் தண்டமும் விதிக்கப்பட்டது. மேரி எழுதவில்லை என்று சொன்னதை யாரும் ஏற்கவில்லை. எலிசபெத் ஒப்பமிட்டதை மறுக்கவில்லை, ஆனால் அதன் பொருளை மறுத்தார். அதை ஏற்கத்தான் வேண்டியிருந்தது.

பெப்ரவரி 7ஆம் திகதி மாலை, மறுநாள் காலை தண்டனை என்று மேரிக்குச் சொன்னார்கள். குருவானவரைப் பார்க்க விடவில்லை. கொஞ்சம் பொருட்களையும் பணத்தையும் பணியாளர்களுக்குப் பங்கிட்டார். அதிகாலை இரண்டு மணியளவில், இறந்த முதற் கணவரின் தம்பியான பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு கடிதம் எழுதினார். இம்முறை சங்கேதம் இல்லை. தன் கையாலேயே, பிரெஞ்சு மொழியில். தன் பணியாளர்களின் சம்பளத்தைக் கொடுக்கும்படியும், நடந்ததைத் தன் மருத்துவர் நேரில் வந்து சொல்வார் என்றும் அதில் எழுதினார்.

அதை அவர் மூடிய விதத்தை அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாளின் ஓரத்திலிருந்தே மெல்லிய கீலம் ஒன்றை, முற்றாகப் பிரியாதபடி வெட்டி, மடித்த தாளில் துளையிட்டு, அந்தக் கீலத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வெளியே கோத்து இறுக்கியிருக்கிறார். கீலத்தை அறுக்காமல் கடிதத்தைத் திறக்க முடியாது. அறுத்தால் திரும்பப் பொருத்த முடியாது. முத்திரையைத் திறந்து ஒட்டும் கிரெகரியின் வித்தை அதில் செல்லாது. பல மடிப்பும் பல கோர்ப்பும் கொண்ட வேலை. விடிந்தால் சாகப்போகும் 44 வயதுப் பெண், மெழுகுதிரி வெளிச்சத்தில் அதைச் செய்தார்.

காலையில் கோட்டையின் பெரிய மண்டபத்தில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. முதல் வெட்டில் முடியவில்லை. பணியாளர்களை மாதக்கணக்கில் கோட்டையிலேயே தடுத்து வைத்தார்கள். அதன் பிறகே மருத்துவர் பிரான்சுக்குப் போகக்கூடியதாக இருந்தது. அந்தக் கடிதம் இப்போது எடின்பரோவில், ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. கீலம் கோத்த துளைகள் தாளில் இன்னும் தெரிகின்றன.